நாற்பத்தோரு புத்தகங்களுக்குப் பொட்டு

“தொடாதேன்னு சொன்னா, சாமி கும்பிடக்கூடத் தொடக்கூடாதுங்களாக்கா?”

மருதாயி என்னிடம் இதைக் கேட்டபோது பொட்டு வைத்து முடிந்திருந்தது. எழுபத்து நாலாம் வருஷம், சரஸ்வதி பூசையன்று மத்தியானம். என் அடுப்படி வாசலில், நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். வயிற்றில் ஐந்து மாதம். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வரவில்லை.

“கால்ல சேறுங்கக்கா. நான் கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“எதைத் தொட்டே?”

“ஆயாம்மா புஸ்தகத்த.”

“எத்தனையை?”

“எல்லாத்தையும்.”

எனக்கு அடுப்பில் இருந்த பால் மறந்துபோயிற்று.

ஆயாம்மா என்று எல்லாரும் கூப்பிட்டது தபித்தாளை. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டில், கரும்பாலம் ஊருக்கு மேலே, சர்ச்சுக்குச் சொந்தமான வீட்டில் தனியாக இருந்தாள். அவள் உள்ளவரைக்கும் அந்த வீடு அவளுக்கு என்று சபையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்னால் இரண்டு அறை, பின்னால் ஒரு விறகு அறை. எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பேரிக்காய் மரமும் வேலியும்தான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும்.

சின்ன வயதில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் பிள்ளை பார்க்கிற ஆயாவாக இருந்தாள். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், அந்தத் துரைசானி இவளைக் கூப்பிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். அந்தக் கதையைத் தபித்தாள் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு சொல்லும் மாறாது.

“‘கம்பளி எடுத்துக்கோ ஆயா, குளிருக்கு ஆகும்’னா. ‘கம்பளி எனக்கு இருக்குதுங்க. அந்தப் பச்சைப் புஸ்தகம் வேணுமுங்க’ன்னேன். ‘உனக்கு வாசிக்கத் தெரியாதே’ன்னா. ‘பாக்கத் தெரியுமுங்க’ன்னேன்.”

அந்தப் பங்களாப் பிள்ளை சோறு தின்னாதாம். பக்கம் பக்கமாகப் படத்தைத் திருப்பிக் காட்டித்தான் ஊட்ட வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. பச்சைத் தோல் அட்டை, மேலே தங்கத்தில் பெரணி இலை அழுத்தியிருக்கும். உள்ளே நூற்றுச் சொச்சம் பெரணிகள், ஒவ்வொன்றும் கையால் வர்ணம் தீட்டியது. வேரில் ஒட்டிய மண்கூடத் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு நினைவுப் பொருள். அவள் நிற்கவில்லை. அடுத்த இருபது வருஷம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, பைக்காரா வரைக்கும், எந்தத் துரை ஊருக்குப் போனாலும் பங்களா ஏலத்துக்கு இவள் போய் நிற்பாள். ஆட்கள் பீங்கானுக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொள்வார்கள். புத்தகக் கட்டுகள் கடைசியில் கேட்பாரற்றுக் கிடக்கும். இவள் தரையில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறப்பாள். படம் இல்லாததைத் தள்ளிவிடுவாள். படம் இருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் மேலே மெல்லிசுத் தாள் இருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசி வரை புரட்டுவாள். ஒரு படம் கிழிபட்டிருந்தாலும் எடுக்க மாட்டாள்.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். ஒரு புத்தகம் கிடந்தது. கருஞ்சிவப்புத் தோல், விளிம்பெல்லாம் தங்கம், பார்த்தாலே கண் கூசும். நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏனுங்க ஆயாம்மா, நல்லாத்தான இருக்குது?” என்றேன்.

“நடுவுல ஒண்ணக் கிழிச்சிருக்கான். பல்லுப் போன வாய் மாதிரி இருக்குது. அதை ஊட்ல வெச்சுட்டு தெனமும் பாக்கறதுக்கு என்னால ஆகாது, அங்கம்மா.”

அப்படிச் சேர்ந்தது நாற்பத்தொன்று. ஒரு தேக்கு அலமாரி முழுக்க. துணியில் வசம்பு முடிந்து தட்டுக்குத் தட்டு வைத்திருப்பாள். பனிக்காலத்து வறண்ட நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்து, பக்கம் பிரித்து, காற்றாட வைப்பாள். புத்தகத்தின் பெயர் தெரியாது என்பதால் அவளே பெயர் வைத்திருந்தாள். பறவைப் படம் போட்ட பெரிய புத்தகம் ‘பெரியவர்’. வெள்ளைத் தோலில் தங்கக் கொடி ஓடும் பூப்புத்தகம் ‘மணவாட்டி’. அட்டையைத் திறந்ததும் உள்தாளில் மயில்கழுத்து நிறங்கள் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் சுழன்று கிடக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிற நாளும் உண்டு.

மருதாயியும் அவள் புருஷன் செல்லையாவும் அந்த ஆடி மழையில் வந்து சேர்ந்தவர்கள். சர்ச் சுவரோரம் தகரம் சாய்த்துக்கொண்டு மூன்று நாளாக ஒடுங்கிக் கிடந்தார்கள். நாலாம் நாள் தபித்தாள் குடையோடு போய் நின்றாள்.

“எந்த ஊரு?”

“பதுளைப் பக்கமுங்க. சிலோன்.”

“கப்பல்ல வந்தவிங்களா? சர்க்கார்ல எடம் குடுக்கலையா?”

“குடுத்தாங்க. தெக்க ஒரு பஞ்சாலையில போட்டுக் குடுத்தாங்க,” என்றான் செல்லையா. “இவளுக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கல. மூச்சு வாங்கிக்கிச்சு. கொழுந்து எடுத்த கைங்க. தேயிலை இருக்கற மலைக்கே போயிரலாம்னு நாங்களா ஏறி வந்துட்டோம். இங்க தோட்ட வேலை லிஸ்டுல பேரு இல்லேங்கறாங்க. தைக்கு மேல புது லிஸ்டு போடுவாங்களாம்.”

“தை வரைக்கும் இந்தத் தகரத்துக்குள்ளயா?”

மருதாயி முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். தபித்தாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“பின்னால வெறகு ரூம் இருக்குது. கூட்டி எடுத்துக்கங்க. அடுப்பு வெச்சுக்கங்க. தண்ணிய என்ற தொட்டியில மோந்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு. உள்ள அலமாரியில புஸ்தகம் இருக்குது. அதை மட்டும் தொடக்கூடாது.”

“தொட மாட்டோமுங்க.”

தொடவில்லை. செல்லையா பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்து வேலைக்கும் களை வெட்டுக்கும் அன்றாடக் கூலிக்குப் போனான். மருதாயி தபித்தாள் கேட்காமலே வீட்டைப் பெருக்கினாள், துணி அலசினாள். தேங்காய்ச் சம்பல் இடித்து, கோதுமை ரொட்டி தட்டி, ஒரு துண்டு வெல்லத்தோடு வெறுந்தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். முதல் நாள் தபித்தாள் என்னைக் கூப்பிட்டு, “பாலில்லாத டீ. வெல்லத்தைக் கடிச்சுட்டுக் குடிக்கோணுமாம். குடிச்சுப் பாரு, நல்லாத்தான் இருக்குது,” என்றாள். பத்து நாளில் ரொட்டி வரத் தாமதமானால் விறகு அறைச் சுவரைத் தட்டி, “ஏனுங்க சிலோன்கார அம்மிணி, அடுப்பு பத்திக்கலையா?” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் தபித்தாளுக்குக் கண்ணில் பூ விழுந்து, பாதிக்கு மேல் மங்கிப்போயிருந்தது. படம் பார்க்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மூடுவாள். தனக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும் என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் கூடலூரிலிருந்து பாலன் என்று ஒருவர் வந்தார். பழைய சாமான் வாங்கி விற்கிற மலையாளி. சிரித்த முகம். அவர் அலமாரியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“எங்க போகும் தம்பி?” என்று தபித்தாள் கேட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“பெரிய பெரிய இடத்துக்குப் போகும் அம்மே. எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கும். தூசி படாது.”

“முழுசாப் போகோணும். எனக்கு அது ஒண்ணுதான்.”

“பத்ரமாயிட்டு போகும்.”

அதை நம்பி, விஜயதசமியன்று வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அதற்குள் சபைக்காரர்கள் அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. வீட்டுச் சாவியை மருதாயியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அலமாரிச் சாவி அதே வளையத்தில்தான் இருந்தது.

இனி, மருதாயி அன்று என் வாசலில் நின்று சொன்னது.

“மூணு வருசமாச்சுங்கக்கா பூச போட்டு. மண்டபம் கேம்புல ஒரு வருசம், ஆலையில ஒரு வருசம், போன வருசம் ரோட்டுல. சிலோன்ல தோட்டத்து லயத்துல இருந்தப்ப எங்க மூணாங்கிளாஸ் புஸ்தகத்தையாவது வெச்சுக் கும்புடுவோம். கப்பல்ல சட்டிபானை வந்துச்சு, புஸ்தகம் வரல. இன்னிக்குக் காலையில அவரு கவாத்துக் கத்தியையும் மம்பட்டியையும் கழுவி வெச்சாரு. நான் கொழுந்துக் கூடைக்குப் பொட்டு வெச்சேன். புஸ்தகத்துக்கு எங்க போவேன்? உள்ள ஒரு அலமாரி நெறைய இருக்கு. இத்தன புஸ்தகம் இருக்கற வீட்டுல பூச போடாம இருந்தா, இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அது பாவமில்லையாக்கா? ஆயாம்மாவுக்குக் கண்ணு தெளியணும்னு வேண்டிக்கிட்டேன்.”

“அதுக்கு ஒரு புஸ்தகம் போதாதா, அம்மிணி?”

“ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம விட்டா?”

நாற்பத்தொன்றையும் இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, துவைத்த சேலையை விரித்து அதன்மேல் அடுக்கி, நடு அட்டையில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருக்கிறாள். பொரிகடலை, இரண்டு வாழைப்பழம், சூடம். செல்லையா சர்ச் ரோட்டுக் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்திருக்கிறான்.

“‘ஏம்புள்ள, அவங்க வேதக்காரங்க. இது என்ன வேல?’ன்னாரு. அது எனக்குத் தோணவே இல்லீங்கக்கா. ‘வெள்ள அட்டையில போயி குங்குமத்த அப்பியிருக்கியே, தொடச்சுப் பாரு’ன்னாரு. தொடச்சேன். போகல. இழுத்துக்கிச்சு. பாக்கு அளவுக்குச் செவந்து போச்சு.”

மணவாட்டி. வெள்ளை அட்டை அது ஒன்றுதான்.

“துணியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன், அந்த பாலன் ஐயா குடையோட உள்ள வர்றாரு. நாளைக்கு வர வேண்டியவரு. இந்தப் பக்கம் வண்டி வந்துச்சாம், ஏறி வந்துட்டாராம்.”

பாலன் புத்தகங்களைப் பார்த்ததும் செருப்பை வெளியே கழற்றிவிட்டாராம். அவர்கள் ஊரிலும் அன்று புத்தகத்தைப் பூசைக்கு வைத்தால் மறுநாள் எடுக்கிறவரை யாரும் தொட மாட்டார்கள்.

“‘பூசைக்கு வெச்சத ஞானும் தொட மாட்டேன், சேச்சி. நாளைக்கு வரேன்’னாரு. பொரி குடுத்தேன், தேத்தண்ணி குடுத்தேன். மனசு கேக்கல. கால்ல விழாத கொறையா, ‘ஐயா, அட்டையெல்லாம் கெடுத்துட்டேன், வேணாம்னு சொல்லிருவீங்களா?’ன்னேன். சிரிக்கிறாருக்கா. ‘சேச்சி எதுக்குப் பயக்குது? அட்ட எனிக்கு வேண்டா. படம் மதி’ங்கறாரு. படம் மட்டும் போதுமாம்.”

“அப்படின்னா?”

“நானும் அதத்தான் கேட்டேன். பையிலேருந்து ஒரு பிளேடு எடுத்துக் காட்டினாரு. தையல் ஓரமா ஒரு இழுப்பு இழுத்தாப் படம் கையில வந்துருமாம். ஒரு நூலு பிசகாதாம். சட்டம் போட்டுக் கண்ணாடி போட்டா ஊட்டியில ஓட்டல்காரங்க ரூமுக்கு ஒண்ணு வாங்குவாங்களாம். ‘மிச்சம்?’னு கேட்டேன். ‘மிச்சம் வெறும் எழுத்தல்லே? கடையில பொட்டலம் கட்டலாம்’ங்கறாரு. பொட்டலமுங்கக்கா.”

அவர் போனபிறகு புருஷனும் பெண்சாதியும் விறகு அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். செல்லையாவுக்கு மனம் லேசாகிவிட்டது.

“‘நல்லதாப் போச்சு புள்ள. நாளைக்கு அந்தாளு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருவாரு. ஆயாம்மாவுக்குக் கண்ணுல கட்டு. பொட்டு வெச்சது யாருக்குத் தெரியும்? வாய மூடிக்கிட்டு இருந்தா தை வரைக்கும் கூரை இருக்கு’ங்கறாரு. ‘அந்தாளு வெட்டுறதச் சொன்னா?’ன்னேன். ‘அதச் சொன்னா யாவாரம் நிக்கும். புஸ்தகம் வீட்டுலயே இருக்கும். கட்டு அவுத்த அன்னிக்கு முதல்ல எதப் பாப்பாங்க? உன் பொட்டத்தான் பாப்பாங்க. அன்னிக்கே வெளிய’ங்கறாரு. அவரு சொல்றது சரிதானுங்களே. நீங்க என்ன சொல்றீங்க?”

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். மழை பேரிக்காய் மரத்தை அறைந்துகொண்டிருந்தது. அவள் கால் விரல்கள் குளிரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“சொல்லாம இரு, அம்மிணி,” என்றேன். “வயித்துல புள்ளையோட இந்த மழையில எங்க போவே? புஸ்தகம் போனாப் போகட்டும்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது மழை ஒன்றுமே தெரியாததுபோல் வெயில் அடித்தது. பத்து மணிக்குச் சர்ச் வேன் வந்து நின்றது. தபித்தாளை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, நெற்றியிலிருந்து பச்சைத் துணி தொங்கியது. மறு கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். குனியக்கூடாது, இருமக்கூடாது, கண்ணாடி போட நாற்பது நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு வேன்காரர்கள் போய்விட்டார்கள்.

நான் வெந்நீர் வைக்கப் போனேன். விறகு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மூட்டை கட்டிக் கிடந்தது. அதன் மேல் கவாத்துக் கத்தி. எதற்கு என்று செல்லையாவைப் பார்த்தேன். அவன் மருதாயியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை.

புத்தகங்கள், துடைக்கப் பயந்து விட்ட பொட்டுகளோடு, அலமாரிக்குள் திரும்பிப் போயிருந்தன. தபித்தாள் அதற்கு முன்னால் நாற்காலி போடச் சொன்னாள்.

“அந்தத் தம்பி எப்ப வருவான்?”

“மத்தியானத்துக்குள்ள வந்துருவாருங்க,” என்றான் செல்லையா.

“அதுக்குள்ள ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கறேன். அங்கம்மா, பச்சையை எடு.”

எடுத்து மடியில் வைத்தேன். அவள் விரல்கள் அந்தத் தங்கப் பெரணியின் காம்பிலிருந்து மேலே போயின. ஒவ்வொரு இலையாகப் போய் நடுவில் நின்றன.

“இதென்ன, பொறு பொறுன்னு?”

சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த இடம் அது.

“சுவத்துக் காரைங்க, ஆயாம்மா,” என்றான் செல்லையா. “மழைக்கு உதுந்து விழுந்துச்சு.”

“அலமாரிக்குள்ளயா?”

“கதவு இடுக்குல.”

“இருக்கும். இந்த ஊட்டுச் சுவரு அப்படித்தான்,” என்று தபித்தாள் நகத்தால் அதை மெல்லச் சுரண்டினாள். “சரி, அடுத்ததக் குடு.”

பொய் நின்றுவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் தாண்டியாயிற்று என்று நான் அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டினேன்.

“காரை இல்லீங்க, ஆயாம்மா,” என்றாள் மருதாயி. “நான் வெச்ச பொட்டு.”

செல்லையா கண்ணை மூடிக்கொண்டான்.

“என்ன பொட்டு?”

“நேத்து சரஸ்வதி பூச. சந்தனமும் குங்குமமும் வெச்சேன்.”

“எத்தனையில?”

“எல்லாத்துலயும்.”

“மணவாட்டிக்கு?”

“அதுக்கும்தாங்க. தொடச்சேன். கறை போகல.”

பச்சைத் துணி மூச்சுக்கு ஆடியது.

“அடுப்ப மெழுகச் சொன்னேனா? தண்ணி சேந்தச் சொன்னேனா? வாடகை கேட்டேனா? ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன்.”

“ஆமாங்க.”

“இருபது வருசம். பஸ்ஸுல மடியில வெச்சு, கொழந்தையக் கொண்டாற மாதிரிக் கொண்டாந்தேன். என்ற கைவேர்வை படக்கூடாதுன்னு துணி சுத்தித் தூக்குவேன். நீ குங்குமத்த வெச்சுத் தேச்சுட்டே. எந்திரிச்சுப் போ. ரெண்டு பேரும்.”

“போறோமுங்க. மூட்டை கட்டியாச்சு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்த ஐயா உங்க புஸ்தகத்த முழுசாக் கொண்டுபோக மாட்டாரு. படத்த பிளேடால வெட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்தப் பொட்டலம் கட்டப் போட்டுருவாரு. அவரு வாயால சொன்னாரு.”

“நீ பண்ணினத மூடறதுக்கு அந்தத் தம்பி மேல பழி போடறயா?”

“பழி போட்டு எனக்கு என்ன ஆகப் போவுதுங்க? எப்படியும் வெளியதான போறேன்.”

வெளியே வெயிலுக்குப் பிடித்து வந்த குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பாலன் இரண்டு காலிச் சாக்குகளோடு வந்திருந்தார்.

“அம்மே, கண்ணு எங்கனே உண்டு? வலி ஒண்ணும் இல்லல்லோ?”

“உக்காருங்க தம்பி,” என்றாள் தபித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “நம்ம புள்ள பூசை பண்றேன்னு அட்டையெல்லாம் கறை பண்ணிட்டா. உங்க பெரிய எடத்துக்காரங்க வேண்டாம்பாங்களோ?”

“அது கொழப்பமில்ல, அம்மே. நேத்தே சேச்சிகிட்ட பறஞ்சு.”

“வெள்ளை அட்டை ஒண்ணு இருக்குதே. கன்னுக்குட்டித் தோலு. அதுல பெரிய கறையாம்.”

“அந்த அட்ட இவிடயே இருக்கட்டும். ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க. உள்ள இருக்கற பூப்படம் நல்லதா இருக்கு, அது மதி.”

“வெட்டித்தான எடுக்கோணும்?”

“வெட்டினாத் தெரியாது. அத்ர நைஸா வரும்.”

தபித்தாள் மடியிலிருந்த பச்சைப் புத்தகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“முழுசாப் போகோணும்னு சொன்னேனே, தம்பி.”

“படம் முழுசாத்தான் போகும். கண்ணாடிக்குள்ளதான் இருக்கும். ஞான் பொய் பறஞ்சில்லல்லோ.” அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. “பூட்டி வெச்சா யாரு பாக்கும், அம்மே? ஓட்டல்ல வெச்சா ஆயிரம் பேரு பாக்கும்.”

“பாக்கட்டும். வேற எடத்துலிருந்து வாங்கிக்கங்க. இது போகாது.” பிறகு மருதாயி நின்ற திசைக்குத் தலையைத் திருப்பி, “தம்பிக்கு டீ வெச்சுக் குடு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கான்,” என்றாள்.

பாலன் கோபப்படவில்லை. டீயைக் குடித்துவிட்டு, மனம் மாறினால் எழுதிப் போடச் சொல்லிவிட்டு, சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்ன மனிதர்.

அவர் தலை வளைவில் மறைந்தது. இனிப் பேச வேண்டிய ஆள் தபித்தாள்தான். அவள் ஒவ்வொரு புத்தகமாகக் கேட்டாள். நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் நடுவில் விரல் வைத்து, சந்தனம் இருக்கிற இடத்தைத் தொட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள். நாற்பதுக்கும் அப்படியே. மணவாட்டி மட்டும் வழவழவென்றிருந்தது.

“இதுல எங்க?”

மருதாயி கிட்டே வந்து அவள் விரலைப் பிடித்துக் கறையின் மேல் வைத்தாள்.

“எவ்வளவு பெருசு?”

“பாக்கு அளவுங்க.”

“தங்கக் கொடி மேலயா?”

“கொடிக்கு நடுவுலங்க. தங்கம் போகல.”

“நீ இதை வெக்காம இருந்திருந்தா அந்த ஆளுகிட்ட அட்டையப் பத்திப் பேச்சே வந்திருக்காது. சாக்குல போட்டு நானே தூக்கிக் குடுத்திருப்பேன். கும்பிடு வேற போட்டிருப்பேன்.” தபித்தாள் பெருமூச்சு விட்டாள். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்றதா, உங்க சரஸ்வதிக்குச் சொல்றதான்னு எனக்கே வெளங்கல. பாஸ்டரையா காதுல போட்றாத, அங்கம்மா.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நேற்று நான் சொன்ன புத்தியை இந்தப் பெண் கேட்டிருந்தால், இந்நேரம் அந்த அலமாரி காலி. அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள். அதை வாய்விட்டுச் சொல்ல அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெந்நீரைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“கும்பிட்டுச் சொல்றேங்க, ஆயாம்மா,” என்றாள் மருதாயி. “எங்க தகரத்துல வந்து நின்னீங்க. உங்களுக்குத் தப்பா ஒண்ணும் செய்யணும்னு—”

“தெரியும், தெரியும். கறை கறைதான். அது இனிப் போகாது. திட்டாமயும் விட மாட்டேன். கண்ணாடி போட்டதும் நல்லாப் பாத்துட்டு அப்புறம் திட்டறேன்.”

“சரிங்க.”

“நாப்பது நாளைக்கு எனக்குப் படம் பாக்க முடியாது. நீ பாத்துச் சொல்லு. கையத் தொடச்சுட்டுத் தொடு. எச்சில் தொட்டுத் திருப்பாத. மெல்லிசுத் தாளு கசங்கக் கூடாது.”

“சரிங்க.”

“அடுத்த வருசம் பொட்டு வெக்கறதுனா, ஒரு வெள்ளைப் பேப்பர நறுக்கி அட்டை மேல வெய்யி. பொட்டை அந்தப் பேப்பர் மேல வெய்யி. கேட்டுச்சா?”

மருதாயி ‘அடுத்த வருசம்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன். செல்லையாதான் முதலில் அசைந்தான். வாசல் வரைக்கும் போய், திரும்பி, சந்தேகத்தோடு கேட்டான்.

“மூட்டைய அவுக்கவா, புள்ள?”

“பின்ன? அரிசி அதுக்குள்ளதான இருக்கு,” என்றாள் மருதாயி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “ஆயாம்மா காலையிலேருந்து சாப்புடல.”